நாற்பத்து மூன்று சதவீதம்

எனக்குப் படிவம் நிரப்புவது பிடிக்கும். சிரிக்காதீர்கள் மேடம். சிலருக்கு ரீல்ஸ் பார்க்கப் பிடிக்கும், சிலருக்குச் சமைக்கப் பிடிக்கும். எனக்குக் கட்டம் கட்டமாக ஒரு தாளைப் பார்த்தால் கை பரபரக்கும். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. தகவல் இல்லையென்றால் கோடு இழுக்கக் கூடாது, 'இல்லை' என்றே எழுத வேண்டும். கோடு இழுத்த விண்ணப்பம் திரும்பி வரும். 'இல்லை' என்று எழுதிய விண்ணப்பம் உள்ளே போகும். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே கண்டுபிடித்தது.

நடந்ததை எழுதிக் கொடு என்று ஸ்டேஷனில் சொன்னீர்கள். என் கையெழுத்து கேவலமாக இருக்கும், அதனால் டைப் அடித்தே தருகிறேன். வக்கீலைக் கேட்காமல் எதையும் எழுதாதே என்று அப்பா மூன்று முறை போன் செய்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறைக்கிற மாதிரி நான் எதையும் செய்யவில்லை. செய்ததை எல்லாம் ஒரு காரணத்தோடுதான் செய்தேன், அந்தக் காரணம் சரியானது, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பெயர் வைஷ்ணவி. வயது இருபத்து நான்கு. வீடு ஸ்ரீரங்கம். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாக கன்டோன்மென்ட் பக்கம் 'துணைக்கரம்' என்ற சின்ன உதவி மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மஹ்ஜபீன் அக்கா நடத்துகிற மையம். வெட்டுப்பட்டவர்கள், தீக்காயம் பட்டவர்கள், அடிபட்டவர்கள் வருவார்கள். அவர்களுக்கு அரசு இழப்பீடு கிடைக்க விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை.

உங்களுக்குத் தெரியும், ஆனால் வெளியே பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தெரியாது. வழக்கு நடப்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையில். வெட்டு வாங்கியவர் அதில் வெறும் சாட்சி. வெட்டியவன் ஜெயிலுக்குப் போனாலும் வெட்டுப்பட்டவர் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்காகத்தான் சட்டத்தில் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுகூட இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, ஊனச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக். இவற்றை வைத்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போட்டால், விசாரித்து அரசே பணம் தரும். இதை முதல் முறை படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. சத்திரம் பஸ் நிலையம் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா எனக்குப் பயந்து திருவானைக்காவலிலேயே இறங்கிவிட்டார்.

அந்தத் திட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. நிரந்தர ஊனம் எத்தனை சதவீதமோ அதற்கேற்பத் தொகை. நாற்பது ஒரு வாசல் மாதிரி. அதற்குக் கீழே நின்றால் ஒரு வரிசை, தாண்டினால் வேறு வரிசை. நாற்பதைத் தொட்டால் மாற்றுத்திறனாளி அட்டை, பஸ் சலுகை, கடன் உதவிக்கு மனுப் போடுகிற தகுதி, எல்லாம் கூடவே வரும். முப்பத்தொன்பதுக்கு அது எதுவும் கிடையாது. இந்த வாசலைக் கட்டியது நானில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கலீம் பாயைப் பற்றிச் சொல்லாமல் சந்திரம்மாள் அக்காவைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கலீம் பாய் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். யாரோ இரண்டு பேர் போட்ட சண்டையை விலக்கப் போய்த் தோளில் கத்திக்குத்து வாங்கினார். நல்ல மனுஷன். டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்தார். சுவரில் விரலால் நடப்பார், கயிற்றில் தொங்குவார். எட்டு மாதத்தில் கை தலைக்கு மேலே போய்விட்டது. ஊனச் சான்றிதழில் பதினெட்டு சதவீதம் போட்டார்கள். அந்த எட்டு மாதம் அவர் வாங்கிய கடனில் பாதிக்குக்கூட இழப்பீடு வரவில்லை. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மையத்தில் உட்கார்ந்து சிரித்தார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல தங்கச்சி. கொஞ்சம் மெதுவா தேறியிருந்தா நாலு காசு கூட வந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மஹ்ஜபீன் அக்கா டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. கலீம் பாய் இன்றைக்கும் வெங்காய மூட்டைதான் தூக்குகிறார். நாற்பத்தெட்டு வயதில் நன்றாகத் தேறியதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு அது.

சந்திரம்மாள் அக்கா போன ஜூன் மாதம் வந்தார். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. தவிட்டு மூட்டைகளுக்குக் கோணி ஊசியால் வாய் தைப்பார். வயது முப்பத்தெட்டு. புருஷன் செத்து இரண்டு வருடம். வீட்டைப் பங்கு போடுகிற தகராறில் கொழுந்தன் அரிவாளை ஓங்க, அக்கா வலது கையால் தடுத்திருக்கிறார். உள்ளங்கையில் குறுக்காக வெட்டு. நான்கு விரலுக்கும் போகிற தசைநார் அறுந்து, ஆபரேஷன் செய்து சேர்த்திருந்தார்கள். கொழுந்தன் ரிமாண்டில் இருந்தான்.

அவர் என்னிடம் முதலில் கேட்டது பணம் இல்லை. அதை நீங்கள் என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டீர்கள், ஆமாம், அதையும் எழுதுகிறேன்.

"எனக்கு ஊசி புடிக்க வரணும் பாப்பா. அது வந்துட்டா போதும். மில்லுல எடத்தைப் புடிச்சு வச்சிருக்கேன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு."

எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். தங்களுக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாதவர்கள், தங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்பார்கள். இழப்பீடு பற்றி நான் விளக்கிச் சொன்னதும் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பணத்தை கவர்மெண்டு ஏன் தனக்குத் தர வேண்டும், தன்னை வெட்டியது கவர்மெண்டு இல்லையே என்று கேட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தகராறில் அவருடைய போன் உடைந்துவிட்டது. அதனால் எல்லாத் தாளிலும் என் நம்பரைக் கொடுத்தேன். மனுவில், பேங்கில், ஆஸ்பத்திரிச் சீட்டில். நாங்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஆரிஃப் முதல் நாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். தைத்த தசைநார் உள்ளுக்குள் சதையோடு ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டாமல் இருக்கத் தினமும் விரலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். படம் போட்ட ஒரு தாள் கொடுத்தார், மெத்தென்று ஒரு பச்சைப் பந்து கொடுத்தார். வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார். ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு ஊனம் நிற்கும் என்று நான்தான் கேட்டேன்.

"ஒழுங்கா வந்தாங்கன்னா இருபது, இருபத்தஞ்சுக்கு மேல போகாது மேடம். ஊசி என்ன, நெல்லே பொறுக்கலாம்."

இருபத்தைந்து. சந்தோஷமாக அதைச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது அட்டவணையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கொள்ளிடம் பாலம் தாண்டும்வரை ஓட்டினேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பந்தை அமுக்க முயற்சி செய்துகொண்டிருந்தார். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பந்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். முதலில் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்றேன். அவ்வளவுதான் அன்றைக்குச் சொன்னது.

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சொன்னேன். தையல் ஆறும்வரை கையை அசைக்க வேண்டாம் என்று ஆரிஃப் போனில் சொன்னதாகச் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னால் அக்கா ஒருவேளை கேட்டிருக்க மாட்டார், டாக்டர் சொன்னதாகச் சொன்னால் கேட்பார். எங்கள் மக்கள் அப்படித்தான். நல்லதுக்குச் சொல்கிற பொய்யில் கையெழுத்து யாருடையது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆரிஃப் விடாமல் போன் செய்தார். நான்தான் எடுத்தேன், என் நம்பர்தானே. முதல் முறை அக்காவுக்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த முறை தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அதற்கடுத்து, தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி நடக்கிறது, நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். படம் அனுப்பச் சொன்னார். அனுப்பவில்லை.

தூக்கத்தில் விரல் தானாக விரிகிறது என்று ஆறாவது வாரம் அக்கா சொன்னார். பாதி விரிகிறதாம். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குழந்தை எழுந்து நின்ற மாதிரி ஒரு பெருமை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். நான்கு விரற்கடை அகலத்தில் ஆறு பட்டை வந்தது. மறுநாள் மண்ணச்சநல்லூர் போய், விரல்களை உள்ளே மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து, மணிக்கட்டிலிருந்து சுற்றிக் கட்டினேன். யூடியூபில் பார்த்து ரத்த ஓட்டம் நிற்காதபடி கட்டக் கற்றுக்கொண்டேன். கவனமில்லாமல் எதையும் செய்ததில்லை நான். வாரம் மூன்று நாள் போய்க் கட்டை மாற்றினேன், ஒவ்வொரு முறையும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், பஸ் செலவு என் சொந்தக் காசு. அவருடைய சொந்தக்காரர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வலித்ததா என்று கேட்டீர்கள். வலித்தது. முதல் இரண்டு வாரம் ரொம்ப. அப்புறம் குறைந்துவிட்டது. குறைந்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கும் நிம்மதிதான், வேறு காரணத்துக்காக.

அந்தச் சமயத்தில் அக்கா ஒரு முறை என்னிடம் கேட்டார்.

"பாப்பா, ரொம்ப நாளு கட்டியே வச்சிருந்தா மரத்துப் போயிடாதா?"

"டாக்டர் பாத்துக்குவாருக்கா. நீங்க பாஸ்புக்கை மட்டும் பத்திரமா வச்சிருங்க."

அவர் தலையாட்டினார். எனக்கு மோர் கரைத்துக் கொடுத்தார், இடது கையால். பாதி கீழே கொட்டியது. ரெண்டு பேரும் சிரித்தோம்.

மஹ்ஜபீன் அக்காவுக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஒரே வீட்டுக்கு ஏன் போகிறேன் என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நம்ம வேலை காகிதத்தோட நின்னுடணும் வைஷு என்றார். அவர் இருபது வருடமாகக் காகிதத்தோடு நிற்கிறவர். அதனால்தான் இருபது வருடமாக எல்லோருக்கும் பதினெட்டு சதவீதம் வருகிறது.

பதினோராவது வாரம் ஆரிஃப் மறுபடி கூப்பிட்டார். இதை நீங்கள் அவரிடமிருந்து கேட்டிருப்பீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி நடக்கிறது என்று கேட்டார். நான் ஒரு பெயரும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்.

"மேடம், பயிற்சி நடக்கலைன்னா நான் திட்ட மாட்டேன். நெஜத்தைச் சொல்லுங்க. இந்த வாரம் கூட்டிட்டு வந்தாக்கூட ஏதாச்சும் பண்ணிரலாம். இதைத் தாண்டிட்டா அப்புறம் அது கை இல்ல, கட்டைதான்."

வியாழக்கிழமை கூட்டி வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை நான் மண்ணச்சநல்லூர் போனேன். கட்டை அவிழ்த்தேன். ஐந்து நிமிடம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒற்றை விரலைப் பிடித்து மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன், கொஞ்சம் வந்தது. முப்பது சதவீதம் இருக்கலாம் என்று தோன்றியது. முப்பத்தைந்துகூட இருக்கலாம். நாற்பது இல்லை. மறுபடி கட்டினேன்.

அந்த வியாழக்கிழமையைத்தான் நீங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எனக்கு அது மற்ற வியாழக்கிழமைகள் போலத்தான். தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டிருந்தால் அவருக்குக் கையும் முழுசாக வந்திருக்காது, பணமும் முழுசாக வந்திருக்காது. அதுதான் துரோகம்.

ஐந்தாவது மாதம் கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவக் குழுவிடம் போனோம். டாக்டர்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள். பேனா உருண்டு மேசைக்கு அடியில் போயிற்று. அக்கா பதறிக் குனிந்து இடது கையால் தேடினார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி நெஞ்சு அடித்தது. நாற்பத்து மூன்று சதவீதம் என்று எழுதினார்கள். வெளியே வந்து அவருக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

உத்தரவு ஜனவரியில் வந்தது. மூன்று லட்ச ரூபாய். இருபத்தைந்து சதவீதமாக இருந்திருந்தால் ஒன்றேகால்தான் வந்திருக்கும், ஒரே மாதிரி பழைய உத்தரவுகள் என்னிடம் இருக்கின்றன, காட்டுகிறேன். வந்த மூன்று லட்சத்தில் முக்கால் பங்கை மூன்று வருடத்துக்கு பேங்கில் டெபாசிட்டாகப் போட்டார்கள், அது விதி. கால் பங்கு கைக்கு வந்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நான் மண்ணச்சநல்லூருக்கு ஓடாத குறைதான். அக்கா தொகையை விரலால் தடவிப் பார்த்தார். எண்ணத் தெரியும் அவருக்கு. கண் கலங்கினார். என் கன்னத்தை இடது கையால் வழித்து நெற்றியில் நெட்டி முறிக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. அப்போதுதான் கேட்டார்.

"பணம் வந்துருச்சுல்ல பாப்பா. இப்ப கையைப் பிரிச்சிரலாமா? மேஸ்திரிகிட்ட திங்கக்கெழமை வரேன்னு சொல்லிட்டேன்."

கட்டு இருப்பதால்தான் விரல் விரியவில்லை, ஒரேயடியாக அவிழ்த்துவிட்டால் விரியும் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பூட்டி வைத்த பெட்டி மாதிரி. நான் அவிழ்த்தேன். அவர் விரலைப் பார்த்தார். விரிக்கச் சொல்லி அதற்குக் கட்டளை போடுவது அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நாள் ஆகும் அக்கா என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறி ஆரிஃபிடம் போயிருக்கிறார். நீங்கதானே அசைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, இப்ப எப்படி அசைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க என்று கேட்டிருக்கிறார். ஆரிஃப் மையத்துக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. அந்தக் கை நல்லா இருந்திருந்தா நீங்க கூடுதலா வாங்கிக் கொடுத்த காசை ஒன்றரை வருஷத்துல தச்சே சம்பாதிச்சிருப்பாங்க வைஷ்ணவி என்றார். அவர் மழைக்கால வேலையின்மையைக் கணக்கில் சேர்க்கவில்லை, மில் மூடுகிற மாதங்களைச் சேர்க்கவில்லை, அட்டையால் கிடைக்கிற சலுகைகளைச் சேர்க்கவில்லை. இதைச் சொன்னேன். அவர் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

சரி. இப்போது நான் இதை ஏன் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்கிறேன். நீங்கள் மிரட்டியதால் இல்லை. குற்ற உணர்ச்சியாலும் இல்லை, அதைத் தேடாதீர்கள்.

சட்டத்தில் கொடுங்காயம் என்றால் என்ன என்று நேற்று எடுத்துப் படித்தேன். ஓர் உறுப்பின் சக்தியை நிரந்தரமாகக் குறைப்பதும் அதில் வருகிறது. அப்படிப் பார்த்தால் சந்திரம்மாள் அக்காவுக்கு நடந்தது ஒரு குற்றம் இல்லை, இரண்டு. ஜூன் மாதம் கொழுந்தன் செய்தது ஒன்று. அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்று. நாற்பத்து மூன்றில் இருபத்தைந்து அவனுடையது. மீதிப் பதினெட்டு என்னுடையது. தெரிந்தே செய்தேன், வேண்டும் என்றே செய்தேன், அந்த வியாழக்கிழமை இன்னும் காப்பாற்றலாம் என்று தெரிந்த பிறகும் செய்தேன். இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. இதை வைத்து என் மேல் எஃப்.ஐ.ஆர். போடுங்கள், சீக்கிரம் போடுங்கள். அது இல்லாமல் இரண்டாவது மனு உள்ளே போகாது.

ஆமாம், இரண்டாவது மனு. அதையும் நிரப்பி வைத்துவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். குற்றம் செய்தவர் பெயர், முகவரி, பாதிக்கப்பட்டவருக்கு என்ன உறவு, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. உறவு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இதுவரை யாரும் இப்படி ஒரு மனு போட்டிருக்க மாட்டார்கள். வாதாடத் தெரிந்த வக்கீல் கிடைத்தால் இந்த இழப்பீடும் நிச்சயம் கிடைக்கும்.

அக்காவின் கையெழுத்துதான் பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறக்கவில்லை. நீ என் வாசப்படி ஏறாத, எனக்கு ஒன்னும் வேணாம் என்று உள்ளேயிருந்து சொன்னார். கோபத்தில் சொல்கிறார், தனக்கு என்ன கிடைக்கும் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் ஒரே ஒரு முறை அவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள் மேடம். கையெழுத்துகூட வேண்டாம், கைநாட்டு போதும். விரலைப் பிடித்து வைப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.